சூப்பர் லீக் கேரளாவில் மலைநாட்டு அணி: உடும்பஞ்சோலையிலிருந்து ஒரு நிலைப்பாடு

இடுக்கி மாவட்டத்து உடும்பஞ்சோலை வட்டத்தின் ஏலத்தோட்டங்களிலும் அவற்றை ஒட்டிய ஊர்களிலும் கால்பந்து ஆடுகிற, ஆடவைக்கிற குழுக்கள் சேர்ந்து இந்த அறிக்கையை வெளியிடுகிறோம். எங்களில் மலையாளிகளும் தமிழர்களும் உண்டு. மெட்டுக்கு மேலேயும் கீழேயும் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் எங்கள் கோரிக்கை தெரிய வேண்டும் என்பதால் தமிழில் எழுதுகிறோம்.

சூப்பர் லீக் கேரளா ஆறு அணிகளைத் தாண்டி விரியும்போது இடுக்கி மலைநாட்டுக்கு ஓர் அணி தரவேண்டும். அந்த அணி நாளைக்கே வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. கேரள பிரீமியர் லீக்கில் குறைந்தது இரண்டு பருவம் ஆடி, தன் காலில் நிற்கப் பழகிய பிறகு மேலே வரட்டும். புது ஸ்டேடியம் கட்டினால்தான் இடம் என்ற நிபந்தனையைக் கேரள கால்பந்து சங்கமோ லீக்கை நடத்தும் நிறுவனமோ வைக்கக் கூடாது. யாராவது வைத்தால், அணியே வேண்டாம் என்று சொல்லவும் தயாராக இருக்கிறோம்.

2024 செப்டம்பரில் லீக் தொடங்கியபோது கண்ணூர், கோழிக்கோடு, மலப்புரம், திருச்சூர், கொச்சி, திருவனந்தபுரம் ஆகிய ஊர்களின் பெயரில் அணிகள் வந்தன. எல்லாம் கடலோரத்து மாவட்டங்கள். 14 மாவட்டங்களில் எட்டுக்கு அணி இல்லை. இடுக்கி அவற்றில் ஒன்று. இங்கிருந்து கொச்சிக்குப் போய் ஒரு மேட்ச் பார்த்துத் திரும்ப ஒரு நாள் கூலியை விட்டாக வேண்டும். சின்னக்கானலிலும் சாந்தன்பாறையிலும் வீட்டுச் சுவரை முட்டுகிற கொம்பன் யானைகளோடு வாழ்கிறவர்கள் நாங்கள். ‘கொம்பன்ஸ்’ என்ற பெயரையோ திருவனந்தபுரத்து அணி வைத்துக்கொண்டது. இது புகார் அல்ல, வேடிக்கைக்காகச் சொல்கிறோம்.

‘மலையில் கால்பந்தா?’ என்று கேட்பவர்களை மூணாறுக்குப் போய் விசாரிக்கச் சொல்கிறோம். அங்கே எஸ்டேட்டுகளுக்கு இடையிலான ஃபின்லே ஷீல்டு போட்டி வெள்ளைக்காரக் கம்பெனிக் காலத்திலேயே, 1940களில் தொடங்கியது. கம்பெனி கை மாறியும் நிற்கவில்லை. கொழுந்து நிறுப்பவரும் ஃபாக்டரியில் வேலை செய்பவரும் தத்தம் எஸ்டேட் ஜெர்சியில் இறங்க, லயத்து ஜனங்கள் மொத்தமாகத் திரண்டு வருவார்கள். ஆடுபவர்களில் பெரும்பாலோர் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஆனால் அந்தத் திறமை ஷீல்டோடு நின்றுபோனது. மேலே போக அதற்குப் படி இல்லை. எங்கள் ஏலத்தோட்டப் பக்கத்தில் அந்த அளவுக்குக் கூட ஒழுங்கான போட்டி கிடையாது. தேயிலையைப் போலப் பெரிய கம்பெனிகள் இங்கே குறைவு. ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர்க்காரர்கள்தான் அதிகம். ஷீல்டு வைத்து நடத்த முதலாளி ஒருவர் இல்லை. அந்தக் குறையை நாங்கள் மறைக்கவில்லை. கீழ்ப்படியிலிருந்து தொடங்க வேண்டும் என்று நாங்கள் சொல்வதற்குக் காரணமும் அதுதான்.

எங்கள் ஆட்களே சிலர் மலைக்காற்றில் ஓடிப் பழகியவனுக்குச் சமவெளியில் மூச்சு வாங்காது என்று ஒரு வாதம் வைப்பார்கள். அதைக் கைவிடுகிறோம். உடும்பஞ்சோலை ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம். 3,600 மீட்டரில் ஆடும் லா பாஸ் அல்ல.

லீக் விரிவாக்கம் எப்படி நடக்க வேண்டும், எப்படி நடக்கக் கூடாது என்பதற்கு எங்கள் கண்ணில் பட்ட நல்ல பாடம் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. அங்குள்ள கால்பந்து வேறு ஆட்டம்: நீள்வட்டப் பந்து, முட்டை வடிவ மைதானம், பக்கத்துக்கு 18 பேர், கையாலும் தட்டலாம். மெல்பர்னில் முளைத்த அந்த லீக் மெல்ல நாடு முழுதும் பரவியது. தாஸ்மானியா தீவோ நூறாண்டுக்கு மேலாக நல்ல ஆட்டக்காரர்களை மெல்பர்ன் கிளப்புகளுக்கு அனுப்பியும் தனக்கென்று ஓர் அணி பெறவில்லை. கடைசியில் 2023 மே மாதம் 19ஆவது அணிக்கான உரிமம் கிடைத்தது. கூடவே ஒரு நிபந்தனை: ஹோபார்ட் நகரில், 23,000 பேர் உட்காரும், கூரை போட்ட புது ஸ்டேடியம். அடுத்த ஆண்டு மார்ச்சில் அணியின் பெயரை அறிவித்து, பத்து டாலர் கொடுத்தால் உறுப்பினராகலாம் என்றார்கள். தீவின் மக்கள்தொகை ஆறு லட்சத்தை எட்டாது. வெளியூர்க்காரர்களும் சேர உறுப்பினர்கள் இரண்டு லட்சத்தைத் தாண்டினார்கள். அணி வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு குறைவு. சண்டை முழுவதும் ஸ்டேடியத்தைப் பற்றித்தான். செலவு நூறு கோடி டாலரைத் தாண்ட, ஆஸ்பத்திரிக்கு இல்லாத பணம் ஆட்டத்துக்கு எங்கிருந்து வந்தது என்று மக்கள் கேட்டார்கள். 2025இல் அரசின் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்து, தேர்தல் முன்கூட்டியே நடந்ததில் இந்தத் தகராறுக்கும் பங்குண்டு. அந்த டிசம்பரில்தான் ஸ்டேடியத்துக்குத் தீவின் நாடாளுமன்ற ஒப்புதல் கிடைத்தது.

அவர்களிடம் பாராட்ட வேண்டியதும் உண்டு. தாஸ்மானிய அணியை நேரே மேலே ஏற்றவில்லை. 2026இல் இரண்டாம் நிலைப் போட்டியிலும் 2028இல் பெரிய லீக்கிலும் ஆடுவது என்று திட்டம் போட்டார்கள். அதற்கு முன் 2011இல் கோல்ட் கோஸ்ட் அணியைப் பெரும்பாலும் இளம்பிள்ளைகளை வைத்துச் சேர்த்தார்கள். அது முதன்முறையாக இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெற 2025 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அங்கே பணமும் பொறுமையும் இருந்தன. இங்கே மூன்று பருவம் தோற்றால் முதலாளி கடையை மூடிவிடுவார்.

எங்களுக்குப் பெரிய பயம் இதில்தான். தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட்டில் காரைக்குடி காளை என்று ஓர் அணி இருந்தது. 2016இல் தொடங்கிய அந்த லீக்கின் ஆட்டங்கள் சென்னையிலும் நத்தத்திலும் திருநெல்வேலியிலும் நடந்தன, காரைக்குடியில் நடக்கவில்லை. சில ஆண்டுகளில் அந்த அணியே திருப்பூர் பெயருக்கு மாறிப்போனது. போனதைக் காரைக்குடி கவனித்திருக்குமா என்பது சந்தேகம். பெயரை மட்டும் கடன் கொடுத்த ஊருக்கு இழக்க என்ன இருக்கிறது? ‘இடுக்கி’ என்று ஜெர்சியில் அச்சடித்துக் கொச்சியில் பயிற்சி எடுத்து மஞ்சேரியில் ஆடுகிற அணியை நாங்கள் எங்கள் அணியாக ஏற்கமாட்டோம்.

அப்படியானால் மைதானம் எங்கே? நெடுங்கண்டத்தில் செயற்கை ஓடுபாதையும் நடுவே புல்தரையும் கொண்ட மைதானம் இருக்கிறது. கேரள பிரீமியர் லீக்குக்கு அது போதும். மேலே ஏறும்போது கேலரியையும் உடைமாற்றும் அறைகளையும் படிப்படியாகச் சரிசெய்யலாம். முதல் பருவத்தில் கண்ணூர் அணி கோழிக்கோட்டிலும் திருச்சூர் அணி மஞ்சேரியிலும் இரவல் மைதானத்தில்தான் ஆடின. இரண்டாம் பருவத்தில்தான் சொந்த ஊருக்கு வந்தன. அவர்களுக்குக் காட்டிய அந்தச் சலுகையை மலைக்குக் காட்ட மறுக்கக் காரணம் தெரியவில்லை. புது நிலம் தேடலாம் என்று யோசனை சொல்பவர்கள், ஏலமலைக் காடுகள் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருப்பதை மறந்துவிடுகிறார்கள். 2024 அக்டோபரில் அங்கே புதிய பட்டா தரவே இடைக்காலத் தடை விழுந்தது. மூன்று தலைமுறையாக இருக்கிற வீட்டுக்குப் பட்டா இல்லாதவர்கள் நடுவில் ஸ்டேடியத்துக்கு நிலம் கேட்டுப் போக எங்களுக்கு மனம் வரவில்லை.

மழை இன்னொரு சங்கடம். இரண்டாம் பருவம் அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடிந்தது. அதன் முதல் பாதி, ஐப்பசி மழை பிற்பகலில் இடியோடு இறங்கும் காலம். தோட்டத்தில் காய் எடுப்பும் அப்போதுதான் மும்முரம். விடிவதற்கு முன்பே கம்பம், போடி, தேவாரம் பக்கத்திலிருந்து ஜீப்புகள் கம்பமெட்டு, போடிமெட்டு வழியாக ஏறும்; மாலையில் இறங்கிவிடும். ராத்திரி மேட்ச் வைத்தால் அந்த ஜீப்பில் வருகிற ஒருவர்கூடப் பார்க்க முடியாது. தோட்டத்தில் வேலை பார்க்கிறவர்களில் பெண்கள்தான் அதிகம், அவர்களால் நிச்சயம் முடியாது. ஆகவே சொந்த மண் ஆட்டங்களை மழை ஓயும் டிசம்பரில் குவித்து, ஞாயிற்றுக்கிழமை பகலில் நடத்த வேண்டும். தொலைக்காட்சிக்கு இரவு நேரம்தான் லாபம் என்பார்கள். தெரியும். வாரம் முழுக்க இரவு ஆட்டம் நடத்த மற்ற ஆறு ஊர்கள் இருக்கின்றனவே.

ஆட்டக்காரர் தேர்வில் மாநில எல்லையைக் கோடாகக் கிழிக்கக் கூடாது. அப்பா உடும்பஞ்சோலையில் காய் எடுக்கிறார், பிள்ளை கம்பத்தில் படிக்கிறான். அவன் பெயர் எந்த மாவட்டச் சங்கத்தில் பதிவானாலும் அவன் எங்கள் பிள்ளைதான். லீக்கில் வெளிமாநிலத்தாரும் வெளிநாட்டாரும் ஆடுகிறார்கள். விதி குறுக்கே நிற்கவில்லை, தேடிப்போகிறவர்தான் இல்லை. தேர்வு முகாம் நெடுங்கண்டத்தில் ஒன்று நடந்தால் போடியிலோ கம்பத்திலோ ஒன்று நடக்க வேண்டும். பயிற்சியாளர்களில் ஒருவராவது தமிழ் பேச வேண்டும். பெண்பிள்ளைகளுக்கும் முதல் ஆண்டிலிருந்தே அணி வேண்டும்.

பணம் பற்றி: ஊராட்சிகளின் தலையில் இதைக் கட்டக் கூடாது. சினிமாக்காரர்களும் கிரிக்கெட்காரர்களும் மற்ற அணிகளில் பங்கு போட்டது போல இங்கும் போடலாம், வரவேற்கிறோம். ஆனால் அணியின் ஒரு பகுதி உறுப்பினர்கள் கையில் இருக்க வேண்டும். ஊரை மாற்றவோ பெயரை மாற்றவோ அவர்கள் சம்மதம் வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். நடக்காத காரியம் என்று இதைத் தள்ள வேண்டாம். 2005இல் மூணாறில் தேயிலைத் தொழிலாளர்களையே பங்குதாரர்களாக வைத்து ஒரு கம்பெனி உருவானது. தேயிலையில் பங்கு வைத்திருக்க முடிந்தவர்களால் ஒரு கால்பந்து அணியில் நூறு ரூபாய்ப் பங்கு வைத்திருக்க முடியும். புத்தடியிலும் போடியிலும் ஏலம் எடுக்கிற வியாபாரிகளிடம் ஜெர்சி விளம்பரம் கேட்பது எங்கள் வேலை. அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

எதிர்க் கருத்துகளில் ஒன்றை நாங்கள் மதிக்கிறோம். விரிவாக்கத்தில் மலைமாவட்டம் ஒன்றுக்குத்தான் இடம் என்றால், வயநாடு எங்களுக்கு முன்னால் நிற்கிறது. அங்கே கேரள பிரீமியர் லீக்கில் ஆடிய வயநாடு யுனைடெட் என்ற கிளப் இருக்கிறது. எங்களிடம் இருப்பது விருப்பமும் ஒரு மைதானமும். அப்படி ஒரு தேர்வு வந்தால் வயநாட்டுக்குக் கொடுங்கள், நாங்கள் எதிர்க்கமாட்டோம். ஆனால் புதிய அணிகளை எந்த அளவுகோலில் தேர்ந்தெடுக்கப் போகிறீர்கள் என்பதை, உரிமத்துக்கு ஆள் தேடத் தொடங்கும் முன்பே எழுத்தில் வெளியிடுங்கள். அதில் மைதானத்தின் இருக்கை எண்ணிக்கைக்கு எத்தனை மதிப்பெண், ஊரில் வளர்ந்த ஆட்டக்காரர்களின் எண்ணிக்கைக்கு எத்தனை மதிப்பெண் என்பதைப் பார்த்துவிட்டு, எங்கள் விண்ணப்பத்தை எப்போது கொடுப்பது என்று முடிவு செய்வோம்.