வெளியே சாயும் வண்டி

நம்மூர் ஆட்டோவுக்கு முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. கனடாவின் பி.ஆர்.பி. நிறுவனம் 2007இல் அறிமுகப்படுத்திய கேன்-ஆம் ஸ்பைடர் இதற்கு நேர் தலைகீழ். ஹேண்டில்பார் பிடித்து ஓட்டினாலும் அது பைக் போல வளைவுக்குள் சாயாது. கார் போல வெளிப்பக்கம் சாயும். பைக்கிலேயே வளர்ந்தவருக்கு முதல் திருப்பத்தில் வயிற்றைக் கலக்கும்.

“ஸ்வே பார் மாத்தின பிறகுதான் வண்டி சொல்லுக் கேக்குது” என்றார் டொரொன்டோ நண்பர். அவர் மிகைப்படுத்துகிறவர்தான். ஆனால், இதில் விஷயம் இருக்கிறது.

ஸ்வே பார் என்பது முன் சக்கரங்கள் இரண்டின் சஸ்பென்ஷனையும் குறுக்காக இணைக்கும் எஃகுக் கம்பி. வேகத்தடையில் இரண்டும் சேர்ந்து ஏறினால் அது புஷ்களுக்குள் சும்மா உருளும். ஒரு பக்கம் அமுங்கி மறுபக்கம் எழும்பினால்தான் முறுக்கிக்கொண்டு எதிர்க்கும். தடிமனைக் கால் பங்கு கூட்டினாலே அந்த எதிர்ப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்காகிவிடும். விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுவதால் இந்தக் கணக்கு. பின்னால் இருக்கும் ஒற்றைச் சக்கரத்தால் சாய்வைத் தடுக்க முடியாது என்பதால், ஸ்பைடரில் முழுப் பொறுப்பும் முன்பக்கத்துக்குத்தான்.

கார் பிரியர்கள் இங்கே ஓர் ஐயம் கிளப்புவார்கள்: முன்பக்கக் கம்பியைத் தடிமனாக்கினால் வண்டி திரும்பாமல் வெளியே தள்ளாதா? காரில் தள்ளும். பின்சக்கரங்கள் தாங்கிய பக்கச் சுமையில் ஒரு பங்கு முன்னுக்கு வந்துவிடும். ஸ்பைடரில் அந்தச் சுமை ஏற்கெனவே முழுக்க முன்னால்தான். புதிதாக வர ஒன்றுமில்லை.

நண்பர் கேட்க விரும்பாத பாதியும் இதே கணக்கில்தான் இருக்கிறது. வளைவில் வெளிச்சக்கரத்துக்கு எவ்வளவு எடை போகும் என்பதை வேகம், வளைவின் ஆரம், எடை மையத்தின் உயரம், சக்கரங்களின் இடைவெளி ஆகியவை தீர்மானிக்கின்றன. கம்பி அதைப் பெரிதாக மாற்றாது. உட்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும் வேகம் அனேகமாக அப்படியேதான் இருக்கும். சாய்வு குறைந்துவிட்டதால் அந்த எல்லை நெருங்குவது உங்களுக்குத் தெரியாமல் போகலாம். ஒரு பக்கக் குழியின் அடியும் மறுபக்கத்துக்குக் கூடுதலாகவே கடக்கும்.

தடிமனான கம்பியை மாட்டும்போது இரண்டு முன்சக்கரங்களையும் ஒரே உயரத்துக்குத் தூக்குங்கள். ஒன்றை மட்டும் ஜாக்கியில் ஏற்றினால் கம்பி முறுக்கேறி நிற்கும், அதை சஸ்பென்ஷனோடு இணைக்கும் லிங்க்கின் போல்ட் கழலாமல் முரண்டு பிடிக்கும். லிங்க்குகளையும் கையால் ஆட்டிப் பாருங்கள். அங்கே ஆட்டம் இருந்தால் அது தீர்ந்த பிறகுதான் கம்பி வேலையைத் தொடங்கும். எவ்வளவு தடிமனாக வாங்கியும் பயனில்லை.

திருப்பங்களில் பதற்றம் குறைய வேண்டுமா, தாராளமாக மாற்றுங்கள். இன்னும் வேகமாகத் திரும்புவதற்கென்றால் காசு தண்டம்.