மின்விளையாட்டும் மாணாக்கர் வாழ்வும்

விளையாட்டு ஓய்வுப் பொழுதிற்கு உரியது. தொழில் உண்டு உடுத்து வாழ்வதற்கு உரியது. இவ்விரண்டும் வேறென்றே நம் முன்னோர் கருதினர். ஆசிரியராயும் எழுதுவினைஞராயும் கமக்காரராயும் இன்று விளங்கும் நம் பழைய மாணவர் பலரும் அக்கருத்திலேயே வளர்ந்தவர்கள். ஆயின், விளையாட்டையே தொழிலாகக் கொண்டு பொருளீட்டும் இளைஞர் கூட்டமொன்று இந்நூற்றாண்டில் தோன்றியுளது. கிரிக்கெற் வீரரை ஈண்டுக் குறித்தேனல்லேன். கணினியிலும் கைத்தொலைபேசியிலும் விளையாடி, அவ்விளையாட்டைப் பல்லாயிரவர் காணுமாறு நேரலையில் ஒளிபரப்பி, அதனால் வாழ்வோரையே குறிக்கின்றேன். ஈ-ஸ்போர்ட்ஸ் என உலகம் வழங்கும் இதனை மின்விளையாட்டு என்போம்.

இப்பொருள்பற்றி இம்மலரில் எழுதப் புகுந்தமைக்குக் காரணம் உண்டு. உயர்தர வகுப்பு மாணாக்கன் ஒருவன், "சேர், பரீட்சை எழுதாமல் இத்தொழிலுக்குப் போனால் என்ன?" என்று என்னை வினவினான். அவன் கேலிக்காக வினவினானல்லன். அவன் வீட்டாரோ கைத்தொலைபேசியை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டனர். ஒருபால் கனவு, மறுபால் அச்சம். பெரியகல்லாற்றில் இன்று இந்நிலை அவ்வொரு வீட்டிற்கு மட்டும் உரியதன்று. ஆதலின் இரு திறத்தார்க்கும் விடை கூறுதல் ஆசிரியன் கடனாகின்றது.

முதற்கண், இது வெறும் பொழுதுபோக்கு என இகழ்வோர்க்கு ஒரு சொல். இதன்கண் பயிற்சியும் கூர்த்த மதியும் குழுவொழுக்கமும் வேண்டப்படுகின்றன. 2018ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டு விழாவில் மின்விளையாட்டு காட்சிப் போட்டியாக இடம்பெற்றது; குஜராத்தைச் சேர்ந்த தீர்த் மேத்தா ஆண்டு வெண்கலம் பெற்றார். 2023இல் சீனத்தின் ஹாங்சோ நகரில் நிகழ்ந்த விழாவிலோ அது பதக்கத்துக்குரிய போட்டியாகவே உயர்ந்தது. அங்குத் தென்கொரியாவிற்குப் பொற்பதக்கம் ஈட்டித் தந்தோருள் ஒருவராகிய கிம் குவான்வூவுக்கு வயது 44. "சிறுபிள்ளை விளையாட்டு" என்னும் ஏச்சு அவரிடத்தே பொருந்துமாறில்லை.

இனி, இத்தொழிலின் இயல்பை ஓர் இளைஞரின் வாழ்வைக்கொண்டு ஆராய்வோம். மும்பையைச் சேர்ந்த நமன் மாதுர் 1996இல் பிறந்தவர். விளையாட்டுலகில் மோர்ட்டல் என்னும் பெயரால் அறியப்படுபவர். யூரியூப்பில் விளையாட்டுக் காணொளிகளை வெளியிட்டுப் பெயர் பெற்ற இவர், பப்ஜி என்னும் கைத்தொலைபேசி விளையாட்டில் சோல் என்னும் அணியை அமைத்து, 2019இல் இந்திய அளவிலான பெரும் போட்டியில் வாகை சூடினார். அதே ஆண்டு அவ்வணி பெர்லின் நகரில் நடந்த உலகப் போட்டியிற் கலந்துகொண்டது. 2024 ஏப்பிரலில் இந்தியப் பிரதமர் அழைத்து உரையாடிய விளையாட்டாளருள் இவரும் ஒருவர். இவ்வளவும் கேட்ட மாணாக்கன், "நானும் இவ்வாறு ஆவேன்" என்று உள்ளம் பூரித்தல் இயல்பே.

ஆயின் இவ்வரலாற்றுக்கு மறுபக்கம் ஒன்றுண்டு. 2020 செப்ரெம்பர் 2ஆந் திகதி, இந்திய அரசு ஒரே கட்டளையால் 118 செயலிகளைத் தடைசெய்தது. பப்ஜி அவற்றுள் ஒன்று. அதனைப் பயின்ற வீரர்க்கு ஆடுதற்குக் களம் இல்லாதாயிற்று. 2021இல் அது வேறு பெயருடன் மீண்டது. 2022 யூலையில் மீண்டும் மறைந்தது. 2023 மே மாதத்தில் தவணைக்குட்பட்ட இசைவுடன் மறுபடியும் வந்தது. கட்டளை சரியா பிழையா என்பது ஈண்டு ஆராய்ச்சியன்று. கைத்திறன் சற்றும் குன்றாதிருக்க, அத்திறனைக் காட்டும் நிலம் காலடியிலிருந்து இழுக்கப்படக்கூடும் என்பதையே மாணாக்கர் உளங்கொளல் வேண்டும்.

நம் மட்டக்களப்பு நாட்டிற் கண்ணகை அம்மன் வழிபாட்டோடு இயைந்த கொம்புமுறி விளையாட்டை எண்ணிப் பாருங்கள். வடசேரி, தென்சேரி என ஊர் இரு கூறாய் நின்று, வளைந்த கொம்புகளைக் கொளுவி இழுத்து, எவர் கொம்பு முறிகின்றதெனக் காண்பர். அவ்விளையாட்டு யாருடையது? ஊருடையது. கிரிக்கெற்றும் காற்பந்தும் அத்தகையனவே. பந்தும் வெளியும் இருப்பின் எவரும் ஆடலாம். மின்விளையாட்டிலோ களமும் பந்தும் விதியும் ஒரு நிறுவனத்தின் உடைமை. அந்நிறுவனம் விதியை மாற்றலாம், விளையாட்டையே நிறுத்திவிடலாம், அரசு அதனைத் தடுக்கலாம். பிறருடைய நிலத்தில் வாரத்திற்கு வேளாண்மை செய்பவன் நிலை எத்தகையதென்பதை நம்மூரார்க்கு விரித்துரைத்தல் வேண்டா.

இனி ஒளிபரப்பை நோக்குவோம். யூரியூப் விளம்பர வருவாயிற் பங்கு பெற விழைபவன், காணொளிகளின் வழியே வரின், 1000 உறுப்பினரைச் சேர்த்து, 12 மாதத்துள் பிறர் 4000 மணிநேரம் தன் காணொளிகளைக் காணுமாறு செய்தல் வேண்டும். அதன் பின்னரும் அவ்விளம்பர வருவாயில் 55 வீதமே அவனைச் சாரும், எஞ்சியது நிறுவனத்துக்கு. பார்வையாளர் குறையின் வருவாயும் குறையும். எனவே உடல்நலம் குன்றினும் உள்ளம் சோரினும் இரவுதோறும் திரைமுன் அமர்ந்து பேசியாதல் வேண்டும். விடியுமட்டும் ஆடுதல் நமக்குப் புதிதன்று. வடமோடியும் தென்மோடியும் பயின்ற நம் கூத்தர், அண்ணாவியாரிடம் மாதக்கணக்காகப் பழகிக் களரியேறி இரவு முழுவதும் ஆடினர். ஆயினும் கூத்து முடிந்ததும் அவர்கள் வயலுக்கும் வாவிக்கும் சென்றனர். கலையை உயிரெனப் போற்றிய அவர்கள், சோற்றுக்கு அதனையே முழுதும் நம்பினாரல்லர். அவ்வறிவை நாம் இழத்தல் ஆகாது.

"கொரியாவின் ஃபேக்கர் பாடசாலையை விட்டுச் சென்றே உலக வாகையர் ஆனார் அல்லவா?" என்று மாணாக்கர் தடை நிகழ்த்தலாம். உண்மையே. அவர் 2013இல் முதன்முறை உலகப் பட்டம் பெற்று, பின்னரும் பன்முறை வென்றவர். எனினும் அவரைத் தாங்குதற்கு ஒரு நாடே இருந்தது: தொழில்முறைக் குழுக்கள், பயிற்றுநர், விரைந்த இணையம், ஆண்டு முழுவதும் போட்டிகள். மின்னல் வெட்டினால் மின்சாரம் போகும் ஊரில், தந்தையின் தொலைபேசியில் ஆடும் பிள்ளை அவரைத் தனக்கு ஒப்பாகக் கொள்ளல் பொருந்தாது. வென்றவர் பெயர் உலகெங்கும் ஒலிக்கும். அவருடன் பாடசாலையை விட்டுப் பின் தோற்றவர் பெயரை எவரும் எழுதிவைப்பதில்லை.

நமன் மாதுரின் வாழ்விலேயே நல்ல பாடம் ஒன்றுண்டு. களம் மூடப்பட்ட காலத்தும் அவர் ஒளிபரப்பை விட்டாரல்லர். நண்பருடன் சோல் என்னும் பெயராலேயே ஒரு நிறுவனத்தை வளர்த்தார். ஒரு விளையாட்டில் அடங்காத பேச்சுத்திறனும் நிருவாகத்திறனும் அவர்க்குக் கைகொடுத்தன. அந்நிறுவனம் 2025இல் நிகால் சரின், மதுரையைச் சேர்ந்த அரவிந்த் சிதம்பரம் ஆகிய சதுரங்க வீரரைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. அவ்வாண்டு றியாத் நகரில் நிகழ்ந்த மின்விளையாட்டு உலகக் கிண்ணத்திற் சதுரங்கமும் முதன்முறையாக இடம்பெற்றமையே அதற்குக் காரணம். கார்ல்சன் வென்ற அப்போட்டியில் இந்தியாவின் அர்ஜுன் எரிகைசி நான்காம் இடம் பெற்றார். சதுரங்கத்திற்கு உரிமையாளன் இல்லை. இணையம் அறுந்தாலும் பலகையும் காயும் இருக்கும். மின்களம் ஏற விரும்பும் நம் மாணாக்கர்க்கு இதனினும் உறுதியான வாயில் வேறு யாதுளது?

பெற்றோர்க்கும் ஒன்று கூறுவேன். பூட்டி வைத்தல் தீர்வாகாது. பிள்ளை அயல்வீட்டுத் தொலைபேசியைத் தேடுவான். அவன் ஆடுவது யாதென அருகிருந்து அறியுங்கள். பணம் வைத்து ஆடுவதாயின் அது சூது. வள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்தமையை அறியாதார் யார்? 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய சட்டமும் பணம் வைத்தாடும் இணைய விளையாட்டைத் தடுத்து, மின்விளையாட்டை வேறெனப் பிரித்து ஏற்றுக்கொண்டது. இவ்வேறுபாட்டை வீட்டிலும் பேணுக. பொழுதுக்கு வரம்பு வகுத்து, உறக்கத்தைக் காத்து, அதன்பின் விளையாட விடுக.

என்னை வினவிய மாணாக்கனுக்கு நான் அளித்த விடை இதுவே: "தம்பி, பரீட்சையை எழுது, மாலையில் விளையாடு. நீ பெறும் சான்றிதழை எந்த நிறுவனமும் ஒரு கட்டளையால் அழித்தல் இயலாது." போரையும் 2004ஆம் ஆண்டுக் கடற்கோளையும் கண்ட கரை இது. வீடும் தோணியும் போன பின்னரும் பலர்க்கு எஞ்சி நின்றது கற்ற கல்வியே. மேலும், ஒளிபரப்புவோன் நாவினால் வாழ்பவன். பிழையற்ற தமிழும் பிறமொழி ஒன்றும் அவன் கைம்முதல். அவற்றை வகுப்பறையிற் பெறாது வேறெங்குப் பெறுவான்?

பழைய மாணவர் சங்கத்தார்க்கு என் வேண்டுகோள் சிறிது. விழாவின் நினைவாகக் கட்டடங்கள் எழுக. அவற்றுள் ஓரறை, மாலைப்பொழுதில் ஆசிரியர் மேற்பார்வையில் இயங்கும் சதுரங்க, கணினிக் கழகத்திற்கு உரியதாகுக. பத்துப் பலகையும் நான்கு கணினியும் தொடக்கத்திற்குப் போதும். இருட்டறையில் தனித்து ஆடும் பிள்ளை, விளக்கொளியில் நண்பரோடு ஆடுவானாயின், அவன் திறமும் நமக்குத் தெரியவரும்; அவன் இடரும் காலத்தே தெரியவரும். விழாக் காணும் நம் கல்லூரி பல்லாண்டு வாழ்க!