டை இல்லாமல் ஒரு தாடை

எந்த இரண்டு மனிதருக்கும் தாடை எலும்பு ஒன்றுபோல் இருப்பதில்லை. முப்பரிமாண அச்சுக்கு மருத்துவத்தில் இடம் கிடைத்தது அதனால்தான். திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் காக்களூர் தொழிற்பேட்டையிலும், உலோகத்தை அழுத்தி வடிவமாக்கும் டை ஒன்றைச் செய்துவிட்டால், பிரஸ் இயந்திரம் ஒரே உருப்படியை ஆயிரக்கணக்கில் அடித்துத் தரும். ஒன்றே ஒன்றுக்காக டை வெட்டினால் கட்டுப்படியாகாது. அச்சு இயந்திரத்துக்கு டை வேண்டாம். சி.டி. ஸ்கேனிலிருந்து எலும்பின் வடிவத்தைக் கணினியில் பிரித்தெடுத்து, டைட்டானியக் கலவைப் பொடியை லேசரால் அடுக்கடுக்காக உருக்கினால், ஒரு நோயாளிக்கு மட்டுமே பொருந்தும் பாகம் கிடைக்கிறது.

2021இல் கரும்பூஞ்சை நோய் பலரின் மேல்தாடையையும் கண்குழியையும் அரித்தபோது இதன் அருமை தெரிந்தது. சென்னை ஐ.ஐ.டி.யும் சோரியாக்ஸ் நிறுவனமும் இணைந்து அவர்களுக்கான முக இம்ப்ளாண்ட்டுகளை இவ்வழியில் உருவாக்கின.

பிரஸ்ஸில் கை நசுங்கிய தொழிலாளியின் நிலை வேறு. துண்டான விரலை ஒட்டவைக்க மணிக்கணக்கில்தான் அவகாசம். ஸ்கேன், வடிவமைப்பு, அச்சு, வெப்பப் பதப்படுத்தல், கிருமி நீக்கம் என்று பாகம் தயாராக நாட்கள் பிடிக்கும். அவருக்கு உடனே வேண்டியது ஆம்புலன்சும், ஸ்டான்லி மருத்துவமனையில் உள்ளதுபோன்ற கை அறுவைப் பிரிவும், அங்கே தயாராக இருக்கும் சாதாரணக் கம்பியும் பிளேட்டும்தான். காயம் ஆறியபின் அளவெடுத்து அச்சிட்ட, கையைத் தாங்கும் ஸ்பிளிண்ட் உதவும். அச்சிட்ட பிளாஸ்டிக் கை, வளரும் குழந்தைக்கு மலிவாக மாற்றித் தர ஏற்றது. இரும்பு தூக்கும் வேலைக்குத் தாங்காது.

பொருளிலும் வரம்பு உண்டு. மலிவான பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இளகிவிடும். கிருமி நீக்கும் ஆட்டோகிளேவின் வெப்பமோ 121 டிகிரி. பி.எல்.ஏ.வில் அச்சிட்ட எலும்பு மாதிரி, அறுவைக்கு முன் திட்டமிட அருமையானது. அறுவை அரங்கில் உடலைத் தொடும் கருவியாகாது. உலோகப் பாகத்துக்குள் நுண்ணிய வெற்றிடம் தங்கினால், தினமும் மென்று மென்று ஏறும் பளுவில் விரிசல் அங்கிருந்தே தொடங்கும். எனவே ஒவ்வொன்றையும் சோதித்தாக வேண்டும். 2022இல் திறந்த திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களுக்கு உலோக அச்சு இயந்திரத்தைவிட, ஸ்கேனைப் படித்து வடிவமைக்கத் தெரிந்த பொறியாளரே முதல் தேவை. அச்சிடும் வேலையைப் பொது மையம் ஒன்றில் செய்துகொள்ளலாம்.

உயிருள்ள திசுவை அச்சிடுவது இன்னும் கடினம். ரத்தக் குழாயிலிருந்து சுமார் 0.2 மில்லிமீட்டருக்கு அப்பால் உள்ள செல்களுக்கு ஆக்சிஜன் எட்டாது. 2022இல் ஹைதராபாத் ஆய்வாளர்கள் அச்சிட்டு முயலின் கண்ணில் பொருத்தியது கருவிழியின் முன்படலத்தை. அதில் இயல்பாகவே ரத்தக் குழாய் இல்லை. குழாய்கள் பின்னிக்கிடக்கும் முழுச் சிறுநீரகத்தையோ கல்லீரலையோ அச்சிட்டு மனிதருக்குப் பொருத்த இதுவரை வழியில்லை. அந்த உறுப்புகள் பழுதான நோயாளிகள் உறுப்பு தானத்துக்காகவே காத்திருக்கிறார்கள்.