கல்லாகிய மரங்களும் கல்லாகக் கூடாத இதயங்களும்



தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில் திருவக்கரை என்றோர் ஊர் உண்டு. மழைநீர் அரித்த செம்மண் மேடுகளுக்கிடையே ஏறத்தாழ 2 கோடி ஆண்டுப் பழமையுடைய மரங்கள் அங்கே கிடக்கின்றன. தொலைவிலிருந்து காண்போர் அவற்றை வெட்டிப் போட்ட மரங்கள் என்றே எண்ணுவர். தொட்டுப் பார்த்தாலோ அவை கல். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரிலும் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் ஒன்று உண்டு. 1940 ஆம் ஆண்டு புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த இம்மரம், டைனோசர்கள் வாழ்ந்த காலத்தது. சாத்தனூர் முன்னர் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் அடங்கியிருந்தது. மலையகத்துக்கு நம் மூதாதையரை அனுப்பிய மாவட்டங்களுள் அதுவும் ஒன்று. உறவினரைக் காணத் தமிழகம் செல்லும் குடும்பங்கள் தம் பிள்ளைகளுக்கு இவ்விடங்களைக் காட்டுவது நன்று.

திருவக்கரை மரங்களுக்கு வேரும் இல்லை, கிளையும் இல்லை. வேறெங்கோ வளர்ந்த அவற்றை வெள்ளம் அடித்து வந்து மணலுள் புதைத்தது. ஆயினும் அவற்றைக் கல்லாக்கியது வெள்ளமன்று. காற்றுப் புகாத மண்ணுள் சிலிக்கா கலந்த நீர் துளித்துளியாய் ஊறி, மரத்தின் நுண்ணறைகளில் ஒவ்வொன்றாய்ப் படிந்தது. ஆண்டு வளையங்கள் அழியவில்லை. ஆனால் இனி அங்கே ஒரு தளிரும் துளிர்க்காது. வடிவம் எஞ்சியது, உயிர் போயிற்று.

மனித இதயமும் இவ்வாறே கல்லாகின்றது. ஒரே நாளில் எவரும் கல்நெஞ்சர் ஆவதில்லை. 'அங்கே எப்போதும் அப்படித்தான்' என்ற பழக்கம் துளித்துளியாய் ஊறுகின்றது. செபமும் திருப்பலியும் வடிவம் மாறாது தொடர்கின்றன. அயலவரின் துயரோ நம்மைத் தொடுவதில்லை.

கொஸ்லந்தையில் வாழும் நமக்கு இது வெறும் உவமையன்று. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் மீரியபெத்தை தோட்டத்து லயன்கள் மண்ணுள் புதையுண்டன. பாடசாலை சென்றிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அம்மலைச்சரிவு ஆபத்தானது என 2005, 2011 ஆம் ஆண்டுகளிலேயே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலைத் தோட்டத்திலும் மண் சரிந்தது. 2025 நவம்பரில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டமே கண்ணீரில் மூழ்கியது.

இவற்றை இறைவன் அளித்த தண்டனை என்று கூறுவோர் உளர். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவரைவிடப் பெரும் பாவிகள் என்ற எண்ணத்தை ஆண்டவர் இயேசு மறுத்தார். உயிரோடிருந்தவர்களையே மனம் மாற அழைத்தார். மலை சரிவது இயற்கை. சரியும் மலையின் கீழ் ஏழைகளை விட்டுவைப்பது மனிதர் செய்யும் தெரிவு. அதனை இறைவன்மீது சுமத்துதல் முறையன்று.

ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் இறந்தோர்க்காக மெழுகுதிரி ஏற்றுகின்றோம். அது நம் கடமை. எனினும், இன்று அதே சரிவுகளில் உறங்கும் உயிர்களை மறந்து ஏற்றும் திரி யாருக்கு ஒளி தரும்? பாதுகாப்பான காணியையும் அதற்குரிய உறுதிப்பத்திரத்தையும் கேட்பது அரசியல்வாதிகளின் வேலை மட்டுமன்று. அது விசுவாசிகளின் பொறுப்புமாகும். மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்படும் இரவில் ஆலயமும் மண்டபமும் கேட்குமுன்னரே திறந்திருக்க வேண்டும். நிலத்தில் புதிய வெடிப்பு, சாயும் மரம், திடீரெனப் பெருகும் ஊற்று, கலங்கி வரும் நீர் ஆகிய அறிகுறிகளைப் பிள்ளைகளுக்குக் கற்பியுங்கள். அவற்றைக் கண்டால் பொருட்களை எண்ணித் தயங்காது உடனே வெளியேறுங்கள். முதியவர்களை அழைத்துச் செல்ல யார் பொறுப்பு என்பதை மழைக்கு முன்னரே அயலவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

கல்மரத்தை எவராலும் மீண்டும் பச்சை மரமாக்க முடியாது. கல்லான இதயத்தையோ இறைவன் மாற்ற வல்லவர் என இறைவாக்கினர் எசேக்கியேல் அறிவித்தார். அவ்வருளை இறைஞ்சுவோம். இறைஞ்சிய கையோடு, இந்த வாரமே மலைச்சரிவில் வாழும் ஒரு குடும்பத்தின் கதவைத் தட்டுவோம்.