பிளாசி பிரபு வீட்டுச் சுவரில் நீலப் பலகை! "நிர்வாகி" என்று ஒரே வார்த்தையில் முடித்து விட்டார்கள்

லண்டன் மாநகரில் பெரும் பணக்காரர்கள் குடியிருக்கும் பகுதி மேஃபேர். அங்கே பெர்க்லி சதுக்கம் 45-ம் நம்பர் வீட்டுச் சுவரில் வட்டமான நீலப் பலகை ஒன்று இருக்கிறது.

"இந்தியாவின் கிளைவ், 1725-1774, படைவீரர், நிர்வாகி, இங்கு வாழ்ந்தார்" என்பதுதான் அதில் உள்ள வாசகம். 1953-ம் ஆண்டு லண்டன் கவுண்டி கவுன்சில் பதித்தது. அதாவது இந்தியா சுதந்திரம் வாங்கி 6 வருஷம் கழித்து!

படைவீரர் என்பது சரி. நிர்வாகியாம்! யார் சொத்தை நிர்வாகம் பண்ணினார்? பலகை வாயைத் திறக்கவில்லை.

நம்ம கோட்டை ஆள்தான்

ராபர்ட் கிளைவ் சென்னைக்குப் புதியவர் அல்ல. 1744-ல் கிழக்கிந்தியக் கம்பெனி குமாஸ்தாவாக ஜார்ஜ் கோட்டைக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது 18. சம்பளம் வருஷத்துக்கு 5 பவுன். மாசத்துக்கு அல்ல, வருஷத்துக்கு!

1751-ல் ஆற்காடு கோட்டையைப் பிடித்து, 50 நாள் முற்றுகையைத் தாங்கிப் பேர் வாங்கினார். 1753-ல் கோட்டைக்குள் உள்ள புனித மேரி தேவாலயத்தில் கல்யாணம். அவர் பேர் சொல்லும் "கிளைவ் மாளிகை" கோட்டைக்குள் இன்றும் நிற்கிறது.

5 பவுன் எங்கே, 2 லட்சம் எங்கே?

1757 ஜூன் 23-ந்தேதி பிளாசி சண்டை. நவாப் சிராஜ் உத் தௌலாவின் தளபதி மீர் ஜாபரை முன்கூட்டியே கைக்குள் போட்டுக் கொண்டுதான் கிளைவ் களத்தில் இறங்கினார். ஜெயித்ததும் மீர் ஜாபர் நவாப் ஆனார். கிளைவுக்குக் கிடைத்தது 2 லட்சத்து 34 ஆயிரம் பவுன்! இது எதிரிகள் கட்டி விட்ட கதை அல்ல. 1773-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றமே தீர்மானத்தில் எழுதி வைத்த தொகை. இது போக, வருஷத்துக்கு 27 ஆயிரம் பவுன் வருமானம் தரும் ஜாகீர் வேறு.

1762-ல் "பிளாசி பிரபு" பட்டம் வந்தது. அதிலும் ஒரு வேடிக்கை. அது அயர்லாந்து கணக்கில் கொடுத்த பட்டம். அதனால் அயர்லாந்தில் இருந்த தன் நிலத்துக்கே "பிளாசி" என்று பேர் வைத்து விட்டார் மனுஷர்!

1765-ல் வங்காளம், பீகார், ஒரிசாவில் வரி வசூலிக்கும் உரிமையை முகலாய சக்கரவர்த்தி ஷா ஆலமிடம் கம்பெனிக்கு வாங்கிக் கொடுத்தார். "நிர்வாகி" என்று பலகை சொல்வது இதைத்தான். 5 வருஷத்தில், 1770-ல், வங்காளத்தில் கொடிய பஞ்சம். ஜனங்கள் லட்சக்கணக்கில் செத்தார்கள். வரி வசூல் மட்டும் நிற்கவில்லை. அப்போது கிளைவ் இங்கிலாந்துக்குத் திரும்பி விட்டார் என்பது உண்மை. ஆனால் வசூல் எந்திரத்தை ஓட்டி வைத்தது யார்?

அந்தக் காலத்திலேயே கேட்டார்கள்

"இன்றைய கண்ணாடி போட்டு அன்றைய ஆளைப் பார்க்காதே" என்று சிலர் சொல்கிறார்கள். இந்த வாதம் கிளைவ் விஷயத்தில் எடுபடாது. அவர் உயிரோடு இருந்தபோதே சொந்த நாட்டு எம்.பி.க்கள் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாத குறையாக விசாரித்தார்கள். பணம் வாங்கியது உண்மை என்றார்கள். ஆனாலும் நாட்டுக்குப் பெரிய சேவை செய்தார் என்று சொல்லி விட்டு விட்டார்கள். 1774 நவம்பர் 22-ந்தேதி, இதே 45-ம் நம்பர் வீட்டில் அவர் உயிர் போனது. தற்கொலை என்று அப்போதே பேச்சு. சொந்த ஊர்ப் பக்கம் மோர்டன் சே கிராமக் கோயிலில் அடையாளம் இல்லாத குழியில் புதைத்தார்கள். செத்தபோது கல் வைக்கவும் யோசித்தவர்களின் பேரப்பிள்ளைகள், பிற்பாடு சிலையும் பலகையுமாக வைத்தார்கள்.

2020-ல் பிரிஸ்டல் நகரில் அடிமை வியாபாரி கோல்ஸ்டன் சிலையைக் கூட்டம் தள்ளி விட்டதும், ஷ்ரூஸ்பரி ஊரில் உள்ள கிளைவ் சிலையை எடு என்று ஆயிரக்கணக்கானோர் கையெழுத்துப் போட்டார்கள். எடுக்கவில்லை.

அடுத்த பலகை

லண்டனில் இப்போது இந்தப் பலகைகளைப் பார்த்துக் கொள்வது "இங்கிலீஷ் ஹெரிடேஜ்" அமைப்பு. 2022-ல் அதுவே தாதாபாய் நவ்ரோஜி குடியிருந்த வீட்டில் ஒரு பலகை பதித்தது. இந்தியாவிலிருந்து எவ்வளவு பணம் இங்கிலாந்துக்கு வடிகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டியவர் நவ்ரோஜி. வாரிக் கொண்டு போனவருக்கும் பலகை, வாரியதைக் கணக்கெடுத்தவருக்கும் அதே நீலப் பலகை!

கிளைவ் பலகையைக் கழற்றச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. கழற்றினால் அந்த வழியாகப் போகிறவனுக்குக் கேள்வியே வராது. வாசகத்தில்தான் கோளாறு. "கிழக்கிந்தியக் கம்பெனி" என்ற பேரும், பிளாசியில் வாங்கிய தொகையும் சேர்ந்தால் போதும். ஒரே ஒரு வரி.

சென்னைக்கு இதில் அனுபவம் உண்டு. 1857 கலகத்தை ரத்த வெள்ளத்தில் அடக்கிய நீல் துரையின் சிலை மவுண்ட் ரோட்டில் நின்றது. 1927-ல் அதை எதிர்த்து சத்தியாகிரகம் நடந்தது. 1937-ல் ராஜாஜி மந்திரிசபை வந்ததும் சிலையை உடைக்கவில்லை, எழும்பூர் மியூசியத்துக்கு அனுப்பி வைத்தது.