பள்ளியும் பட்டறையும்

உயர்தரப் பள்ளி மாணவர்க்குக் கைத்தொழிலின் அருமையை எடுத்துரைக்க வேண்டுமென்று தமிழ்நாட்டில் எவரேனும் வாய் திறந்தால், உடனே சந்தேகம் எழுகின்றது. அச்சந்தேகம் காரணமற்றதன்று. 1953-ம் வருஷத்தில் ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியாரின் மந்திரிசபை, ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் பெற்றோர் தொழில் என்று ஒரு திட்டம் வகுத்தது. பிறப்பைக் கொண்டு பிள்ளையின் பிழைப்பை நிர்ணயிப்பதா என்று நாடு கொதித்தெழுந்தது. 1954-ல் ஸ்ரீ காமராஜர் பதவியேற்றதும் அது கைவிடப்பட்டது. கைவிட்டது நியாயமே.

ஆயினும், திட்டத்தைத் தள்ளியவர்கள் தொழிலையும் சேர்த்துத் தள்ளுவது விவேகமாகாது. 1937-ல் மகாத்மாவின் தலைமையில் வார்தாவில் கூடிய கல்வி மகாநாடு, கைத்தொழிலைக் கல்வியின் நடுவில் வைத்தது, குலத்தை வைக்கவில்லை. குலத்தொழில் வேறு, கற்றுத் தேர்ந்த தொழில் வேறு. முன்னது பிறப்பினால் வருவது; பின்னது மாணவன் தானே விரும்பி ஏற்பது.

இன்று வழியில்லாமலும் இல்லை. 1961-ம் வருஷத்துச் சட்டப்படி 14 வயது நிரம்பியவர் தொழிற் பழகுநராகலாம். அபாயகரமான தொழில்களுக்கு 18 வயது ஆக வேண்டும். 30 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஸ்தாபனம், நூற்றுக்கு இரண்டரை முதல் 15 வரை பழகுநரை அமர்த்தி, உதவித்தொகையும் கொடுத்தே தீர வேண்டும். ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷம் பிட்டர் தொழில் கற்றவர் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் வருஷத்தில் சேர இடமுண்டு. டிப்ளமா பெற்றவர்க்கு எஞ்சினீயரிங் கல்லூரியிலும் அவ்வாறே. ஆகவே, பட்டறையின் வாசல் முட்டுச் சந்தன்று. பரீட்சை முடிவு வெளியான பிறகு, மார்க்குக் குறைந்தவனுக்கு மட்டும் ஆறுதலாக இவ்வழியைக் காட்டுவதுதான் பெருங்கேடு. கைத்தொழிலைத் தண்டனையாக்கிவிட்டு, அதற்கு மதிப்பில்லையே என்று வருந்துவதில் பயனென்ன?

நாம் கோருவன மூன்று. ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர் அனைவரும், ஆண் பெண் என்றும் ஏழை செல்வர் என்றும் பாராமல், பட்டறைகளை நேரில் கண்டறிய வேண்டும். அதற்காகப் பாடப் படிப்பில் ஒரு நாழிகையும் குறைக்கலாகாது. பழகுநராகச் சேர்ந்தவரை மலிவான கூலியாளாக்காமல், தொழிலை முறையாகக் கற்பிக்கிறார்களா என்று சர்க்கார் கண்காணிக்க வேண்டும்.

இனி, மேடைதோறும் உழைப்பின் பெருமையைப் பேசும் தேசபக்தர்களை ஒன்று கேட்கிறோம். தம் மகனுக்கு வேண்டாத உளியையும் அரத்தையும் ஊரார் மகன் கையில் கொடுப்பவரை யார் நம்புவர்? அவர்கள் வீட்டுப் பிள்ளையும் பட்டறைக்குள் நுழையும் நாளில்தான் 1953-ன் சந்தேகம் அடியோடு நீங்கும்.