அது கந்தல் இல்லை!

தோழிகளே, எங்க ஆயா பழந்துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த விரிப்பைப் போகிக்கு எரிக்கணும் என்று அப்பா சொல்கிறார். நான் ஒத்துக்க மாட்டேன்.

கர்நாடகத்தில் சித்தி இனப் பெண்கள் (நம்ம சின்னம்மா இல்லை! இவர்கள் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள்) பழந்துணியில் 'கவந்தி' என்ற போர்வை தைக்கிறார்கள். ஓரத்தில் ஆரம்பித்து நடுவில் முடிப்பார்கள். மூலைகளில் துணிப்பூ வைக்காவிட்டால் போர்வை அம்மணமாம்! 2011-இல் அதை நியூயார்க்கில் கண்காட்சியாகவே வைத்தார்கள்.

ஆயா விரிப்பில் அம்மா அம்பத்தூர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த அன்னைக்குக் கட்டின புடவை இருக்கு. இறந்துபோன மாமாவின் சட்டைப்பை இருக்கு, பட்டனோட. எரிச்சுட்டா மாமா ஞாபகத்துக்கு வேற என்ன இருக்கு? போட்டோகூட இல்லை.

நம்ம கைவேலைக் கண்காட்சியில் கடையில் வாங்கின தெர்மோகோல்தான் நிறைய. இந்த வருஷம் ஆயா விரிப்பை வைக்கலாமா டீச்சர்? துவைச்சே கொண்டுவரேன்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி